நல்ல கதை இருக்குற வீடியோ கேம் கூட படமா வந்தா ஏன் சொதப்புது?

கேள்வி கேட்டவர் அன்சார்ட்டட் படத்த பார்த்து கடுப்பாகி கேட்ருக்காரு, "கேம்லயே கதை, டயலாக், சேஸிங் எல்லாம் ரெடியா இருக்கே, அத அப்படியே எடுத்தா போதாதா"ன்னு. எனக்கு என்ன தோணுதுன்னா, அப்படியே எடுக்குறதுலதான் பிரச்சனையே ஆரம்பிக்குது.

அன்சார்ட்டட் கேமே எதப் பார்த்து செஞ்சதுன்னு யோசிங்க. இண்டியானா ஜோன்ஸ் வகை புதையல் வேட்டைப் படங்கள்ல ஊறிப்போனவங்க, அந்த ஹீரோவா நாமளே ஓடுனா எப்படி இருக்கும்னு பண்ண கேம் அது. அதுல இருந்து நாம ஓடுறத மட்டும் உருவிட்டா மிச்சம் இருக்குறது பழைய புதையல் வேட்டைப் படம்தானே, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த கதைதான். 2022ல வந்த படத்துல டாம் ஹாலண்ட் கார்கோ ப்ளேனுக்கு வெளிய தொங்குற பெட்டிங்க மேல தாவித்தாவி ஏறுவாரே, அது மூணாவது கேம்ல இருந்து எடுத்த சீன். கேம் ஆடுறப்ப அந்த இடத்துல எனக்கு உள்ளங்கை வேர்த்து கன்ட்ரோலர் வழுக்குச்சு. தியேட்டர்ல இன்னும் பெரிய ஸ்க்ரீன், இன்னும் நல்ல கிராஃபிக்ஸ், ஆனா நான் பாட்டுக்கு பாப்கார்ன் கொறிச்சிட்டு இருந்தேன். டாம் ஹாலண்ட் விழமாட்டாருன்னு எனக்கு தெரியும்ல. கேம்ல விழப்போறது நான், அதுவும் கட்டாயம் ரெண்டு மூணு தடவ விழுவேன்.

பொதுவா எல்லாரும் சொல்ற காரணம் நேரம். பதினஞ்சு மணி நேர கேம ரெண்டு மணி நேரத்துல அடக்க முடியாதுன்னு. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா தொள்ளாயிரம் பக்க நாவல எல்லாம் நல்ல படமா எடுத்திருக்காங்களே. அதோட மாரியோல அடக்குறதுக்கு அப்படி என்ன பெரிய கதை இருந்துச்சு? இளவரசிய ஒருத்தன் தூக்கிட்டு போயிட்டான், ஓடு, குதி, அவ்வளவுதான். அப்படியும் 1993ல வந்த முதல் சூப்பர் மாரியோ படம் எப்படி இருந்துச்சுன்னா, டைனோசர்ல இருந்து பரிணாமம் அடைஞ்ச மனுஷங்க வாழுற இருட்டான ஒரு சிட்டி, டென்னிஸ் ஹாப்பர் அங்க சர்வாதிகாரி, மாரியோவா நடிச்ச பாப் ஹாஸ்கின்ஸ் பின்னாடி ஒரு பேட்டில தான் செஞ்சதுலயே மோசமான வேலை அதுதான்னு சொல்லிட்டாரு. எனக்கு அதுல மறக்க முடியாதது என்னன்னா, மாரியோ குதிக்குறதுக்கு மெஷின் வெச்ச பூட்ஸ் குடுத்திருப்பாங்க. உலகத்துக்கே அந்த ஆள குதிக்குறதுக்காகத்தான் தெரியும், படம் எடுத்தவங்களுக்கு அந்தக் குதிப்புக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்கு.

இப்ப விஷயத்துக்கு வரேன். கேம்ல ரெண்டு விதமா கதை இருக்கு. ஒண்ணு கட்சீன், அதாவது கன்ட்ரோலர கீழ வெச்சுட்டு நாம சும்மா பார்க்குற பகுதி. இன்னொண்ணு நம்ம கை செய்யுறது. படம் எடுக்க வர்றவங்க கண்ணுக்கு முதல் ஐட்டம் மட்டும்தான் தெரியும், ஏன்னா அது ஸ்க்ரிப்ட் மாதிரியே இருக்கும், பேப்பர்ல எழுதலாம், ப்ரொட்யூசர் கிட்ட சொல்லலாம். ஆனா நல்ல கேம்ல மனசுல நிக்குற கதை பெரும்பாலும் ரெண்டாவதுலதான் நடக்கும்.

ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்னு ஒரு கேம், 2005ல ப்ளேஸ்டேஷன் 2க்கு வந்துச்சு, ஃபுமிட்டோ உவேதா பண்ணது. ஒரு பையன் செத்துப்போன ஒரு பொண்ண குதிரைல தூக்கிட்டு தடை செஞ்ச ஒரு நிலத்துக்கு வரான். இவளுக்கு உயிர் வேணும்னா இங்க இருக்குற பதினாறு பூதங்கள கொல்லணும்னு ஒரு குரல் சொல்லுது. அவ்வளவுதான் கதை, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். அந்த நிலத்துல ஊரு கிடையாது, ஆளுங்க கிடையாது, குட்டி எதிரிங்க கூட கிடையாது. வாள வெயில்ல தூக்கிப் பிடிச்சா அதுல படுற வெளிச்சம் ஒரு பக்கமா குவியும், அந்தத் திசைல குதிரைய விடணும், அவ்வளவு தூரமும் சும்மா குளம்பு சத்தமும் காத்தும்தான். அப்புறம் மலை சைஸ்ல ஒண்ணு நிக்கும். அது உடம்புல இருக்குற முடிய பிடிச்சு ஏறணும், அதுக்கு ஆர் ஒன் பட்டன விடாம அழுத்திக்கிட்டே இருக்கணும், மூலைல ஒரு வட்டம் சுருங்கிக்கிட்டே வரும், அது தீர்ந்துச்சுன்னா கை விட்டுடும். அது உதறும்போது உங்க விரலும் நிஜமாவே வலிக்கும். மேல ஏறி தலைல குத்துனா கறுப்பா பீச்சி அடிக்கும். அது செத்து சரியும்போது வெற்றி மியூசிக் வரும்னு பார்த்தா ஒப்பாரி மாதிரி ஒண்ணு வரும்.

பதிமூணாவது பூதம் இன்னும் மோசம். பாலைவனத்துல வானத்துல நீந்துற மாதிரி பறக்குற ஒரு நீள ஜந்து, அது உங்கள ஒரு தடவ கூட தாக்காது. வயித்துல இருக்குற காத்துப்பைய அம்பால அடிச்சு அத கீழ இறக்கி, மண்ணுல இழுபடுற துடுப்பு மாதிரி இறக்கைக்கு பக்கத்துல குதிரைய ஓட்டிட்டு போய் தாவணும். நான் இத ஆடிட்டு இருந்தப்ப எங்க அம்மா பின்னாடி நின்னு பார்த்துட்டு, "டேய், அது பாட்டுக்கு பறந்துட்டு இருக்கு, உன்ன ஒண்ணுமே பண்ணலையே, அத ஏன்டா போட்டு குத்துற"ன்னு கேட்டாங்க. அப்பதான் அந்தப் பொண்ணுக்கு உயிர் வரும்மான்னேன். "நல்லா இருக்குடா நியாயம்"னு சொல்லிட்டு போயிட்டாங்க. கேம் அது வரைக்கும் சொல்லாம சொல்லிட்டு வந்தத அம்மா வாயால கேட்டேன், ஆனாலும் குத்தத்தான் செஞ்சேன், ஏன்னா குத்தலன்னா கேம் நகராது, பதினாலாவத பார்க்க முடியாது.

இத படமா எடுங்க பார்ப்போம். பதினாறு பூதமும் வேணும்னா போரடிக்கும், அதனால நாலஞ்சா குறைப்பாங்க. குதிரைல சும்மா போற நேரத்த எந்த எடிட்டரும் விட்டு வெக்க மாட்டாரு. ஹீரோ பேசவே மாட்டேங்குறானேன்னு கூட ஒரு காமெடியன சேர்ப்பாங்க, அந்தப் பொண்ணுக்கும் அவனுக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக், அதுல ஒரு பாட்டு. இவ்வளவும் பண்ணாலும் கடைசில பார்க்குறவன் "இந்தப் பையன் தப்பு பண்றான்"னு நினைப்பான், "நான் தப்பு பண்றேன்"னு நினைக்க மாட்டான். சோனி 2009லயே இத படமா எடுக்கப்போறோம்னு அறிவிச்சாங்க, படம் இன்னும் வந்தபாடில்ல. வராம இருக்குறதே நல்லதுன்னு நினைக்கிற ஆளுங்கள்ல நானும் ஒருத்தன்.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கு நடந்தது எனக்கு இன்னும் வயித்தெரிச்சல். 2003ல வந்த சாண்ட்ஸ் ஆஃப் டைம் கேம்ல கதைய இளவரசனே யாருக்கோ சொல்லிட்டு வருவான். நீங்க தாவும்போது தவறி விழுந்து செத்துட்டீங்கன்னா அவன் குரல் வரும், இல்ல இல்ல, இப்படி நடக்கலன்னு. நீங்க செத்தது அவன் கதை சொல்றப்ப வாய் தவறுனதா ஆயிடும், பிரமாதமான யோசனை. அது போக ஒரு கத்தி இருக்கும், பட்டன அழுத்துனா சில செகண்ட் பின்னாடி போகலாம், விழுந்தவன் மேல வந்து நிப்பான். 2010ல டிஸ்னி இத ஜேக் ஜில்லென்ஹாலை வெச்சு பெரிய செலவுல எடுத்தாங்க. கத்தி இருந்துச்சு, மணல் இருந்துச்சு, இளவரசி இருந்துச்சு. கேம்ல சும்மா ஒரு சுவர் ஏறுறதுக்கே அம்பது தடவ பின்னாடி போயிட்டு வருவோம், படத்துல அது அப்பப்ப எடுத்துக் காட்டுற ஒரு ஸ்பெஷல் எஃபெக்ட்டா போச்சு.

அசாசின்ஸ் க்ரீட் படத்த பத்தி ரொம்ப பேச விரும்பல. ஒரு மெஷின் வழியா முன்னோரோட நினைவுக்குள்ள போற கதை அது. பழைய ஸ்பெயின்ல கூரை மேல ஓடுறத பார்க்க போனா, முக்கால்வாசி நேரம் மைக்கேல் ஃபாஸ்பெண்டர ஒரு லேப்ல அடைச்சு வெச்சு பேசிட்டு இருந்தாங்க, கேம்ல எல்லாரும் எப்படா முடியும்னு காத்திருக்குற பகுதி அது.

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். அடுத்தவன் ஆடுறத பார்க்குறது போர்னா, யூட்யூப்ல மணிக்கணக்கா ஸ்ட்ரீம் பார்க்குறாங்களே அது எப்படின்னு. நானும் பார்க்குறேன். ஆனா ஸ்ட்ரீமர் அடுத்த நிமிஷம் என்ன ஆவான்னு அவனுக்கே தெரியாது. சின்ன பள்ளத்துல விழுந்து செத்து, திட்டிட்டு, திரும்ப ஆரம்பிப்பான், நாம சாட்ல உக்காந்து கலாய்ப்போம். படத்துல எல்லாம் முன்னாடியே எழுதி முடிச்சாச்சு. 2005ல டூம் படத்துல கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம் கேமராவ துப்பாக்கிக்கு பின்னாடி வெச்சு கேம் மாதிரியே எடுத்தாங்க, ஷாட்ட மட்டும் பார்த்தா கெத்துதான், ஆனா அதுல குறி தப்புறதுக்கு வாய்ப்பே இல்ல, அதனால பதட்டமும் இல்ல.

காசு விஷயமும் இருக்கு, மறுக்கல. ரொம்ப காலம் கேம் பேர வாங்கி போஸ்டர்ல ஒட்டுனா பசங்க வந்துடுவாங்கன்னு ஒரு கணக்கு ஓடிச்சு. ஊவே போல்னு ஒரு ஜெர்மன் டைரக்டர், அந்த ஊர் வரிச்சலுகைய வெச்சு முதலீட்டாளருங்க கிட்ட காசு திரட்டி ஹவுஸ் ஆஃப் தி டெட், அலோன் இன் தி டார்க், ப்ளட்ரெய்ன்னு வரிசையா கேம் படமா எடுத்து தள்ளுனாரு. விமர்சகருங்க கிழிச்சதும் 2006ல அவங்கள குத்துச்சண்டைக்கு கூப்பிட்டு ரிங்ல நிஜமாவே அடிச்சாரு, மனுஷன் எடுத்த படங்கள விட அது சுவாரஸ்யம்.

சரி, அப்ப நல்லா வந்ததெல்லாம் எப்படி வந்துச்சு? தி லாஸ்ட் ஆஃப் அஸ் சீரியல எடுத்துக்குங்க, 2023ல எச்பிஓல வந்தது. அதுல மூணாவது எபிசோட் பில், ஃப்ராங்க்னு ரெண்டு பேரோட கதை. கேம்ல நீங்க போய் சேரும்போது ஃப்ராங்க் தூக்குல தொங்கிட்டு இருப்பான், பில் மேல வெறுப்ப கொட்டி ஒரு லெட்டர் மட்டும் கிடைக்கும். சீரியல்ல அத தலைகீழா திருப்பி, ரெண்டு பேரும் பதினாறு வருஷம் எப்படி சேர்ந்து வாழ்ந்தாங்கன்னு காட்டுவாங்க, ஹீரோ ஜோயெல் அதுல வந்துட்டு போறதோட சரி. ஆடுறவன் கால் வெக்கவே முடியாத இடத்துக்கு கேமரா போச்சு பாருங்க, அதனாலதான் அது நின்னுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

அதே சீரியலோட கடைசி எபிசோட்ல ஆஸ்பத்திரி சீன் இருக்கு, (கேம் ஆடாதவங்க இந்தப் பத்திய தாண்டிடுங்க) கேம்ல இருந்தத ஏறக்குறைய அப்படியே எடுத்தாங்க. துப்பாக்கி சத்தத்த குறைச்சு, சோக இசைய போட்டு, ஆபரேஷன் பண்ணா செத்துடுவாங்குற எல்லின்னு ஒரு பொண்ண காப்பாத்த, ஜோயெலா நடிச்ச பெட்ரோ பாஸ்கல் கல்லு மாதிரி மூஞ்சிய வெச்சிட்டு சுட்டுட்டு போவாரு, நல்ல நடிப்புதான். ஆனா கேம்ல ஆபரேஷன் ரூமுக்குள்ள போனதும் டாக்டர் ஒரு கத்திய நீட்டிட்டு வழிமறிச்சு நிப்பாரு. நான் சுட மனசில்லாம சும்மா நின்னு பார்த்தேன், வேற வழி ஏதாச்சும் இருக்கும்னு. ஒண்ணும் நடக்கல, அவரு நிக்குறாரு, நானும் நிக்குறேன், கேம் எனக்காக காத்திருக்கு. கடைசில அழுத்துனேன். அந்தக் காத்திருப்ப சீரியல்ல எங்க வெப்பீங்க?

ஃபால்அவுட் சீரியலும் இதே புத்திசாலித்தனம்தான், 2024ல வந்துச்சு. அந்த கேம்கள்ல ஹீரோன்னு ஒருத்தன் நிலையா கிடையாது, நீங்க எப்படி ஆடுறீங்களோ அதுதான் ஹீரோ. அதனால அணுகுண்டு போர்ல அழிஞ்ச அந்த உலகத்த மட்டும் எடுத்துக்கிட்டு புதுசா மூணு பேர உள்ள விட்டாங்க. லூசி பார்க்குறவங்க எல்லாருக்கும் உதவி பண்ற முதல் தடவ ஆடுற ஆளு, கதிர்வீச்சுல உருக்குலைஞ்சு சாகாம சுத்துற 'தி கூல்' (Ghoul) இருநூறு வருஷமா ஆடி சலிச்சுப்போய் யார வேணா போட்டுத்தள்ளுற ஆளு, எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேம வெச்சு எடுத்த ஆர்கேன்ங்குற அனிமேஷன் சீரியலும் அப்படித்தான், அந்த கேம் அஞ்சு பேரு அஞ்சு பேரோட மோதுற மேட்ச், அதுக்குள்ள கதைன்னு பெருசா ஒண்ணும் ஓடாது, அதனால அக்கா தங்கச்சி கதைய இஷ்டத்துக்கு எழுத இடம் கிடைச்சுது.

வேடிக்கை என்னன்னா, கேம் ஆடுற ருசிய சரியா பிடிச்ச படங்கள்ல பாதி எந்த கேமையும் வெச்சு எடுத்ததே இல்ல. எட்ஜ் ஆஃப் டுமாரோல டாம் க்ரூஸ் செத்து செத்து எழுந்து ஒவ்வொரு தடவையும் ரெண்டு அடி கூட போவாரு. நம்ம மாநாடு அதே ரகம்தான், சிம்பு செத்தா திரும்ப ஃப்ளைட்ல முழிப்பாரு, கேம் ஆடுறவனுக்கு அது பார்த்ததும் புரியும், செக்பாயிண்ட், அதாவது செத்தா திரும்ப ஆரம்பிக்குற இடம். ரெண்டுலயும் ஹீரோவுக்கு தோக்க அனுமதி இருக்கு. 2023ல வந்த மாரியோ கார்ட்டூன் படம் நூறு கோடி டாலருக்கு மேல அள்ளுச்சு, கதைன்னு பார்த்தா காத்துதான், ஆனா இளவரசி வெக்குற ட்ரெய்னிங்ல மாரியோ விழுந்து விழுந்து திரும்ப திரும்ப ஆரம்பிக்குற சீன்ல மட்டும் தியேட்டர்ல இருந்த பொடிசுங்க எல்லாம் கத்துச்சுங்க, ஒவ்வொண்ணும் வீட்ல அதே மாதிரி விழுந்திருக்கும்.

இப்ப நான் பார்க்க காத்திருக்குறது செல்டா கேமோட படம். மாரியோ கேம் பண்ண அதே நிண்டெண்டோ கம்பெனி நிஜ ஆளுங்கள வெச்சு எடுக்குறாங்க, 2027ல வரும்னு சொல்லியிருக்காங்க. அதோட ஹீரோ லிங்க் நிண்டெண்டோ பண்ண கேம்கள்ல வாயத் திறந்து வசனம்னு பெருசா பேசுனது கிடையாது, ஹான்னு கத்துவான், அவ்வளவுதான், மிச்சத்த நாமதான் மனசுக்குள்ள பேசிக்கணும். அவன பேச வெக்கப்போறாங்களா, இல்ல ரெண்டு மணி நேரமும் ஊமையாவே ஓட்டப்போறாங்களான்னு தெரியல. பேசுனா முதல் வசனத்துக்கே ஃபேன்ஸ் அடிச்சுக்குவாங்க. எனக்கு கேட்டா, பேசாம விட்டுட்டு அவன் கூட வர்ற இளவரசி செல்டாவ பேச விடலாம்.