கதவுகள் முட்டுகின்றன, கீல் துருப்பிடிக்கிறது: ஒப்பந்தக்காரர் பொறுப்பா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் மாடுலர் கிச்சன் போட்டோம். கொட்டேஷனில் "சாஃப்ட் குளோஸ் ஹிஞ்ச், எஸ்.எஸ். 304" (மெதுவாக மூடும் கீல், 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு) என்று எழுதியிருந்தார்கள். நடுத் தடுப்புப் பலகையில் சேரும் இரண்டு கதவுகளும் முதல் நாளிலிருந்தே உரசுகின்றன. "போகப் போகச் சரியாகும்" என்று முதல் வாரமே வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. இப்போது சிங்க்குக்கு அடியில் உள்ள கீல்களில் துரு. கேட்டால், "நீங்கள் புழங்கிய விதம் சரியில்லை" என்கிறார் ஒப்பந்தக்காரர். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் இரண்டு புகார்களையும் தனித்தனியாகப் பாருங்கள்.

துரு விஷயம் நேரடியானது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10)-இன்படி, ஒப்பந்தத்தில் சொன்ன தரத்துக்குக் குறைவாக இருந்தாலே அது பொருளின் குறைபாடு. உங்கள் கையிலிருக்கும் கொட்டேஷன்தான் ஆதாரம். 304 எஃகில் பொதுவாகக் காந்தம் ஒட்டாது என்று பலர் சோதித்துப் பார்ப்பார்கள். ஆனால் காந்தம் ஒட்டியதை மட்டும் வைத்து நோட்டீஸ் அனுப்பாதீர்கள். நல்ல கீலிலும் ஸ்பிரிங், திருகு போன்றவற்றில் காந்தம் ஒட்டலாம். எதிர்த்தரப்பு மறுத்தால், பிரிவு 38-இன்கீழ் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நுகர்வோர் ஆணையத்திடம் கேட்கலாம்.

உரசல் அப்படியல்ல. கதவைத் திறந்து கீலின் கையைப் பாருங்கள். அந்தக் கையின் வளைவைத்தான் கிராங்க் என்பார்கள். கை நேராக இருந்தால் ஜீரோ கிராங்க்: பக்கப் பலகையின் 18 மி.மீ. கனத்தை ஏறக்குறைய முழுதாகக் கதவு மூடும். ஓரப் பலகைக்கு உரியது. சற்று வளைந்திருந்தால் எட்டு கிராங்க்: இரு கதவுகள் ஒரே தடுப்பைப் பங்கிடும் இடத்துக்கு. நன்றாக வளைந்தது பதினாறு கிராங்க்: கதவு பெட்டிக்குள்ளேயே அமர்வதற்கு.

நடுத் தடுப்பின் இரு பக்கமும் ஜீரோ கிராங்க் இருந்தால், ஒவ்வொரு கதவும் அந்தப் பலகை முழுவதையும் தனக்கே கேட்கிறது. கீலில் உள்ள பக்கவாட்டுத் திருகு கதவை நகர்த்துவது ஏறத்தாழ 2 மி.மீ.தான், எத்தனை முறை முடுக்கினாலும் தீராது. இது பொருத்தியவர் தவறு, பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு. முதல் வார வாட்ஸ்அப் பதில் உங்களிடம் இருப்பதால், "புழங்கிய விதம்" என்ற வாதம் இங்கே எடுபடாது. மாறாக, இருப்பது எட்டு கிராங்க் என்றால், முதலில் அந்தத் திருகைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அதிலேயே இடைவெளி வந்துவிட்டால் இந்தப் பாதிக்கு வழக்கே வேண்டாம்.

வேறு தச்சரைக் கூப்பிட்டுக் கீல்களைக் கழற்றிவிடாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: புதுக் கீல் மாட்டியபின் பழையது எந்த இடத்தில் இருந்தது என்று நிரூபிக்க முடியாது. கீலின் கை, அதில் பொறித்த பெயர், துரு, கதவுகள் முட்டும் இடம் ஆகியவற்றை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள்.

பிறகு 15 நாள் அவகாசம் தந்து, ஒப்புகையுடன் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. உரசல் முதல் நாளே தெரிந்ததால், கணக்கை அன்றிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவில் "கீலை மாற்றித் தர வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். கதவையே அகலமாக வெட்டியிருந்தால் எந்தக் கீலும் உதவாது. ஆகவே, "உரிய கிராங்க் உள்ள 304 கீல்கள், தேவைப்படும் இடத்தில் புதுக் கதவு, தளர்ந்த திருகுத் துளைகளைச் சீர்செய்தல், தவறினால் அதற்கான தொகை, வழக்குச் செலவு" என்று நிவாரணத்தைப் பிரித்துக் கேளுங்கள்.