கணக்கில் வராத வருடங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 47 வயது. கூட்டுறவு வங்கியொன்றில் எழுத்தராக இருக்கிறேன். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததால் முதுகலைக் கணிதத்தைப் பாதியில் விட்டு வேலைக்கு வந்தேன். 12 ஆண்டுகள் படுக்கையில் கிடந்த அவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். இரண்டு தங்கைகளையும் கரையேற்றினேன். பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் ஒருவன் சிங்கப்பூரில் நிறுவனம் நடத்துகிறான், இன்னொருவன் பேராசிரியர், மூன்றாமவன் வருடத்துக்கொரு வெளிநாட்டுப் பயணப் படம் போடுகிறான். எதையும் சாதிக்காமலேயே போய்விடுவேனோ என்று பல இரவுகள் உறக்கம் வருவதில்லை.

கே.

அன்புள்ள கே,

அப்பாவின் 12 ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிட்டு, நண்பர்களின் பெருமைகளை மட்டும் நின்று நிதானமாக எழுதியிருக்கிறீர்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரவில் எழுந்து எழுந்து ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, காலையில் ஒன்றும் நடவாததுபோல வங்கிக் கவுன்ட்டரில் போய் உட்காருவது எந்தத் தன்விவரக் குறிப்பிலும் இடம்பெறுவதில்லை. இதைச் சொல்வதால் உங்கள் ஏக்கம் தீர்ந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். கடமையைச் செய்து முடித்தவனுக்கும் தனக்கென்று ஒன்றைச் செய்துபார்க்கும் ஆசை இருக்கும், அதில் தவறில்லை.

கணிதம் படித்தவர் என்பதால் கப்ரேகரை நினைவூட்டுகிறேன். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் 1962 வரை பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதுகலைப் பட்டம் பெறாதவர். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழித்து, வரும் விடையையும் அப்படியே செய்துகொண்டு போனால் ஏழு படிகளுக்குள் 6174 வந்து நின்றுவிடும் என்று கண்டவர் அவர். 3524இல் தொடங்குங்கள்: 3087, 8352, அடுத்தது 6174. (விடையில் இலக்கம் குறைந்தால் முன்னால் பூச்சியம் போட்டுக்கொள்ள வேண்டும்.) இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். 1975இல் கணித எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்க இதழொன்றில் எழுதிய பிறகே கப்ரேகரின் பெயர் பரவலாகத் தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 70. கார்ட்னர் எழுதாமலே போயிருந்தாலும், அத்தனை ஆண்டுகளும் அவர் எண்களோடுதான் இருந்திருப்பார்.

நீங்கள் ஏங்குவது கணிதத்துக்கா, குழுவில் அறிவிக்கத்தக்க ஒரு செய்திக்கா? செய்திக்கு என்றால் 60 வயதிலும் அது தீராது. உங்கள் சிங்கப்பூர் நண்பரைவிடப் பெரிய நிறுவனம் நடத்துபவர் ஒருவர் அவருடைய வேறொரு குழுவில் இருந்துகொண்டுதான் இருப்பார். கணிதத்துக்கு என்றால், விட்ட பாடத்தை விட்ட இடத்திலிருந்து எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பட்டமும் வேண்டுமென்றால் தொலைநிலைக் கல்வி இருக்கிறது.

உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், தயங்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அது என்னைப் போன்றவர்கள் கடிதம் எழுதித் தீர்க்கக்கூடியதல்ல.