பழைய சுவர், புதுப் பெயிண்ட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பாரம்பரியப் பகுதியில் உள்ள எங்கள் பள்ளி சுண்ணாம்புக் காரைக் கட்டடம். எமல்ஷன் அடித்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளித்து உதிர்கிறது, உப்பும் பூக்கிறது. ஈரம் புகாத பெயிண்ட் அடித்தால் நிற்குமா?

பதில்: நிற்காது. ஓதம் இன்னும் மேலே ஏறும், அவ்வளவுதான். பழைய சுவர்களின் அடியில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. தரையிலிருந்து உறிஞ்சிய ஈரம் காரை வழியாக ஆவியாகிப் போய்விடும். எமல்ஷன் அந்த வழியை அடைக்கிறது. ஈரத்தில் கரைந்துள்ள உப்பு, பெயிண்டுக்குப் பின்னால் படிகமாகி, காரையையும் சேர்த்துப் பெயர்க்கிறது.

முதலில் சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா? சுவரோர மண் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? உயர்ந்திருந்தால், உள்தரைக்கு 15 செ.மீ. கீழே இருக்கும்படி வெட்டி எடுங்கள். பிறகு உள்ளே எமல்ஷனையும் சிமென்ட் பட்டியையும் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிவிடும். பெயர்ந்த இடங்களில் 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல் கலந்து பூசுங்கள். சிமென்ட் வேண்டவே வேண்டாம். சிமென்டுக்குள் நுழைய முடியாத ஈரம் பக்கவாட்டில் ஒதுங்கி, ஒட்டுப் போட்ட ஓரத்திலேயே அடுத்த உதிர்வைத் தொடங்கிவைக்கும்.

அடுத்தது பொறுமை. நனைந்த சுவர் 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்பார்கள். ஒரே விடுமுறையில் எல்லாம் முடியாது. ஒரு விடுமுறையில் சுரண்டிப் பூசிவிட்டு, அடுத்ததில் வண்ணம் அடிப்பதே சரி. வண்ணத்துக்குச் சுண்ணாம்பு அல்லது பொட்டாசியம் சிலிகேட் பெயிண்ட் போதும். இரண்டுமே சுவரின் ஈரம் ஆவியாகி வெளியேற விடும். குழந்தைகள் உரசிக்கொண்டே போகும் நடைவழிக்குச் சிலிகேட் நல்லது. பழைய எமல்ஷன் படலம் மிச்சமிருந்தால் இரண்டுமே ஒட்டாது.

கேள்வி: சமுதாயக்கூடத்தில் சுண்ணாம்பு அடித்தோம். சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிறது.

பதில்: கெட்டியாக அடித்திருப்பீர்கள், அல்லது காய்ந்த சுவரில் அடித்திருப்பீர்கள். சுண்ணாம்பு வெறுமனே காய்ந்தால் மாவாகத்தான் நிற்கும். ஈரம் இருக்கும்போதே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சினால்தான் கல்லாக இறுகும். எனவே நீற்றிய சுண்ணாம்பு விழுதைப் பால் பதத்துக்குக் கரைத்து வடிகட்டுங்கள். சுவரை நனைத்து, நாளுக்கு ஒன்றாக 4 அல்லது 5 கை (கோட்டிங்) மெல்லியதாக அடியுங்கள். முதல் கை அடித்ததும் ஒன்றுமே தெரியாது. பயந்து கெட்டியாக்கிவிடாதீர்கள், காயக் காயத்தான் வெளுக்கும். நேர் வெயிலில் அடிக்கக் கூடாது. காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள் சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அவையும் கையில் ஒட்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும். இந்த வேலையை மாணவர்களிடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பள்ளியின் பழைய கதவுகளில் பல அடுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் இருக்கிறது. தீப்பிழம்பு காட்டி எரித்து எடுத்துவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர்.

பதில்: கூடாது. பழைய எண்ணெய்ப் பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எரித்தால் ஈயப் புகை, மெஷினால் தேய்த்தால் ஈயத் தூசி. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. அழுத்தமாகப் பிடித்திருக்கும் அடுக்குகளை விட்டுவிடுங்கள். உரிவதை மட்டும் தண்ணீர் தெளித்துச் சுரண்டி, விளிம்புகளை நீர்ப்புகா உப்புத்தாளால் ஈரமாகவே தேய்த்துச் சமமாக்குங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். உதிரியைத் துடைப்பத்தால் பெருக்காமல், நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியுள்ள தூசி உறிஞ்சியால் எடுக்க வேண்டும். கதவு இறுக்கமாக மூடினால், சட்டத்தோடு உரசும் விளிம்பில் மட்டும் அடுக்குகளை எடுத்தால் போதும். கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். திறந்த வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

கேள்வி: கட்டடத்தின் அசல் நிறம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வெயில் படாத மூலையில் கூரிய கத்தியால் அடுக்கடுக்காக, படிக்கட்டு போலச் சுரண்டிப் பாருங்கள். அடியில் தெரிவது பிரைமராகவும் இருக்கலாம். அதன் மேல் அழுக்குக் கோடு இருந்தால் அது கண்ணுக்குத் தெரிந்த நிறம். இல்லாவிட்டால் அடித்த உடனே மறைக்கப்பட்ட பூச்சாக இருக்கக்கூடும். எண்ணெய்ப் பூச்சு இருட்டில் மஞ்சளித்திருக்கும் என்பதால் சில நாள் வெளிச்சம் படவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். பாரம்பரியப் பகுதியில் வண்ணத்துக்கு அனுமதி கேட்கும்போது சுவரிலேயே ஒரு சதுர மீட்டர் மாதிரி அடித்துக் காட்டினால் வாக்குவாதம் குறையும்.

கேள்வி: 8 × 6 மீட்டர் அறை, உயரம் 3.5 மீட்டர். எத்தனை லிட்டர் சிலிகேட் பெயிண்ட்?

பதில்: சுவர்ப் பரப்பு 98 ச.மீ. கதவு, ஜன்னல்களுக்கு 12 கழித்தால் 86. சொரசொரப்பான பழைய சுவரில் லிட்டருக்கு 6 ச.மீ. என்று வையுங்கள், இரண்டு கைக்கு ஏறத்தாழ 29 லிட்டர். 32 வாங்குங்கள், ஒரே தொகுதி எண்ணில்.

கேள்வி: வெளியே பூசாத செங்கல் சுவரில் மாணவர்கள் ஓவியம் வரையலாமா?

பதில்: செங்கல் மேல் வேண்டாம். பிறகு அழிக்க மணல் வீச்சு அடித்தால் சுட்ட மேல்தோல் போய், செங்கல் தண்ணீர் குடிக்கத் தொடங்கும். பலகையில் வரைந்து, 25 மி.மீ. மரச்சட்டம் கொடுத்து இடைவெளி விட்டு மாட்டுங்கள். மரையாணி செங்கலில் அல்ல, இணைப்புக் காரையில் இறங்கட்டும்.