அந்திரொமீடாவின் இரு புறமும் நீலப்பெயர்ச்சி: உங்கள் அட்டவணையில் பிழை இல்லை

வணக்கம். சுழலும் பேரடையின் (கோடானுகோடி விண்மீன்களின் தொகுதியின்) ஒரு புறம் நம்மை நெருங்க மறுபுறம் விலக வேண்டுமே, அப்படியிருக்கக் கல்முனைப் பாடசாலைக் கண்காட்சிக்காகத் திரட்டிய அந்திரொமீடாப் பேரடையின் அளவீடுகளில் இரு புறமும் நீலப்பெயர்ச்சியே, அதாவது நெருங்கி வரும் பொருளின் ஒளி குறுகிய அலைநீளத்துக்கு நகர்வதே, தெரிவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அட்டவணையைத் திருத்திவிடாதீர்கள், அது சரியானதே.

அந்திரொமீடா முழுவதுமாகவே செக்கனுக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. இது ஒளிவேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால், 656.3 நனோமீற்றரில் இருக்க வேண்டிய ஐதரசனின் சிவப்பு நிறமாலைக் கோடு மையப்பகுதியில் ஏறத்தாழ 655.6 இல் தென்படும். சுழற்சி வேகம் அதைவிடக் குறைவு; ஆகவே விலகும் புறம்கூட நெருங்குவதாகவே பதிவாகிறது. கல்லடிப் பாலத்தில் வரும் பேருந்துக்குள் ஒருவர் பின்பக்கமாக நடந்தாலும், பாலத்தின் முனையில் நிற்பவருக்கு அவர் நெருங்கிக்கொண்டேதான் இருப்பார்.

மைய வேகத்தை ஒவ்வொரு பெறுமானத்திலிருந்தும் கழித்து, மீதியை மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு எதிராக வரையுங்கள். அப்போதுதான் உண்மையான அழகு வெளிப்படும். 1970 இல் வானியலாளர்கள் வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் இதே பேரடையில் 67 ஒளிரும் வாயு முகில்களை இவ்வாறு அளந்தார்கள். வெளிப்புறத்தில் வேகம் எதிர்பார்த்தபடி வீழவில்லை. பின்னர் வந்த ரேடியோ அளவீடுகளும் அதையே காட்டியதால், ஒளிராத கரும்பொருள் அங்கே நிறைந்திருந்து, அதன் ஈர்ப்பே அந்த வேகத்தைத் தக்கவைப்பதாக வானியலாளர்கள் கருதுகிறார்கள்.

மாரி மழை தொடங்குமுன், நிலவில்லாத செப்டெம்பர் நள்ளிரவில் கடற்கரைக்குச் சென்று வடவானைத் தொலைநோக்கியால் பாருங்கள்; மங்கலான அந்த நீள்வட்டப் புகைதான் நீங்கள் அளந்த பேரடை.