முப்பது பேர் போதுமா? – மருத்துவப் புள்ளியியல் கேள்வி பதில்

நோய் ஆராய்ச்சிகளில் புள்ளியியலராகப் பணியாற்றும் உறுப்பினர் ஒருவர், மற்ற உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

முதுகலை மருத்துவ மாணவர்: மேடம், என் ஆய்வேட்டில் ஒப்பிடும் ஒவ்வொரு குழுவுக்கும் முப்பது பேர் போதும் என்கிறார் வழிகாட்டி. போதுமா?

எவ்வளவு வேறுபாட்டை எதிர்பார்க்கிறீர்கள் என்று சொல்லாமல் எத்தனை பேர் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்குப் பின் புண்ணில் சீழ் பிடிப்பது 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறையும் என்று எதிர்பார்த்தால், குழுவுக்கு ஏறத்தாழ 200 பேர் வேண்டும். 30 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறையும் என்றால் 60 பேர் போதும். இரண்டும் வழக்கமான 5 சதவீதப் பிழை (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்ற அளவில் போட்ட கணக்கு. முப்பது என்பது மூத்த மாணவரின் ஆய்வேட்டிலிருந்து இளையவரின் ஆய்வேட்டுக்குக் கைமாறி வரும் எண். வழிகாட்டியிடம் வாதாட வேண்டாம். கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்.

செவிலியர்: எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பது மருத்துவருக்குத் தெரியாதா? ஆய்வுகளில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிப்பது எதற்கு?

தெரியும் என்பதுதான் சிக்கல். நம் சென்னையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் 1956இல் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம். அன்று காசநோய் என்றாலே நோயாளிகளை மாதக்கணக்கில் தங்க வைக்கும் சானடோரியம். ஓய்வு, நல்ல உணவு, காற்றோட்டம். படுக்கைகளோ போதவில்லை. வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும்? பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை வீடு, சானடோரியம் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரு தரப்புக்கும் அதே ஐசோனியசிட், பாஸ் மருந்துகள், ஓராண்டு.

பிரிக்கும் வேலையை மருத்துவர்களிடம் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? நோய் முற்றியவரையும், ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேரோடு வாழ்பவரையும் இரக்கப்பட்டுச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். பிறகு வீட்டுக் குழு தேறினால், அது மாத்திரையாலா, நோய் லேசாக இருந்ததாலா? பிரிக்கவே முடியாது. எவ்வளவு சிக்கலான சூத்திரமும் அந்தக் குழப்பத்தை முழுதாகத் தீர்க்காது. 1959இல் முடிவுகள் வெளிவந்தபோது, ஏழ்மையான வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். வீட்டாருக்கு நோய் தொற்றியதா என்று ஐந்தாண்டு பின்தொடர்ந்ததில், அதுவும் சானடோரியம் சென்றவர்களின் வீடுகளைவிடக் கூடவில்லை. சானடோரியங்களின் காலம் முடிந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மருந்தாளுநர்: ஆய்வு முடிவில் பி மதிப்பு (p-value) 0.05க்குக் கீழே வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எழுதிவிடலாமா?

எழுதுகிறார்கள், எழுதக் கூடாது. 1948இல் பிரிட்டனில் வெளிவந்த, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வை எடுத்துக்கொள்வோம். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். மருந்தால் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வர நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. பி மதிப்பு சொல்வது அவ்வளவுதான். மருந்து எத்தனை உயிரைக் காக்கும் என்று அது சொல்லாது. அதற்கு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்: 27 சதவீதத்துக்கும் 7 சதவீதத்துக்கும் இடையே 20 புள்ளிகள். சிறிய ஆய்வு என்பதால் உண்மையான வேறுபாடு 6 முதல் 33 புள்ளிகள் வரை எங்கும் இருக்கலாம். நான் ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்தால் முதலில் தேடுவது ‘இத்தனை முதல் இத்தனை வரை’ என்ற இந்த இடைவெளியைத்தான்.

இரண்டு குழந்தைகளின் தாய்: செங்கல்பட்டு ஆய்வில் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி பயனற்றது என்று தெரிந்ததாமே? பிறகு ஏன் போடுகிறார்கள், அம்மா?

1968இல் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ, மருந்தில்லாத வெறும் ஊசியான மருந்துப்போலியோ போட்டு நடத்திய ஆய்வு அது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்று அதில் தெரிந்தது உண்மை. அதற்கு முன் பிரிட்டனில் பதின்வயதினரிடையே நடந்த ஆய்வில் 80 சதவீதம் அளவுக்குப் பாதுகாப்பு தெரிந்திருந்தது. ஓர் ஊரில் கண்டதை இன்னோர் ஊருக்கு அப்படியே பெயர்க்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆனால் கைக்குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் வேறு கேள்வி. அதற்கு எதிராகப் பிசிஜி காக்கிறது என்று மற்ற ஆய்வுகள் காட்டுகின்றன. குழந்தைக்குத் தயங்காமல் போடுங்கள்.

ஆய்வக நுட்பர்: நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினருக்குப் பாசிட்டிவ் என்றும் (உணர்திறன்), நோயில்லாதவர்களில் 95 சதவீதத்தினருக்கு நெகட்டிவ் என்றும் (குறித்தன்மை) சரியாகக் காட்டும் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் நோய் உறுதிதானே?

நூற்றில் ஒருவருக்கு மட்டும் உள்ள நோய் என்று கொள்வோம். 10,000 பேரைச் சோதித்தால் நோயுள்ள 100 பேரில் 90 பேருக்குப் பாசிட்டிவ். நோயில்லாத 9,900 பேரில் 495 பேருக்கும் பாசிட்டிவ். ஆக 585 பேரில் உண்மையான நோயாளிகள் 90 பேர், ஏறத்தாழ 15 சதவீதம். அறிகுறியோடு வருபவர்களைச் சோதித்தால், அவர்களில் நோயுள்ளோர் அதிகம் என்பதால், கதை மாறும்.

முதலில் கேட்ட மாணவர்: புள்ளியியல் கணக்குக்கு எந்த மென்பொருள் நல்லது?

ஆர் (R) என்ற மென்பொருள் இலவசம், அது போதும். மென்பொருளைவிட உங்கள் எக்செல் தாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வயது தெரியாதவர்களுக்கு 99 என்று போட்டு வைப்பார்கள். கர்ப்பிணிகளின் சராசரி வயது 41 என்று வந்து நிற்கும். சர்க்கரை அளவு எடுக்காதவருக்குச் சுழியம். இரத்த அழுத்தத்தில் 120/80 முழுவதையும் ஒரே கட்டத்தில். பகுப்பாய்வுக்கு முன் ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.