காப்புரிமையை வாங்குவதா, படித்துப் பயன்படுத்துவதா? கடலூர், புதுவை வாசகர்களுக்குப் பதில்கள்

கே: பண்ருட்டியில் முந்திரிப் பட்டறை வைத்திருக்கிறேன். ஓடு உடைக்கும் மெஷின் ஒன்றின் அமெரிக்கக் காப்புரிமையை (பேட்டன்ட்) இணையத்தில் பார்த்தேன். அதுபோலச் செய்தால் கேஸ் வருமா?

ப: காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் வாங்கியது இங்கே செல்லாது, அதே ஆள் இந்தியாவிலும் வாங்கியிருந்தால்தான் தடை. இந்தியக் காப்புரிமை அலுவலகத் தளத்தில் கண்டுபிடிப்பாளர் பெயரையும் கம்பெனி பெயரையும் போட்டு இலவசமாகத் தேடலாம். கிடைத்தாலும் பயந்துவிடாதீர்கள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம்தான் ஆயுள், நடுவில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே காலாவதியாகிவிடும் (விட்டவர் 18 மாதத்துக்குள் மீட்க மனுப் போடலாம், அதையும் கணக்கில் வையுங்கள்). படங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யவே கூடாது. கடைசியில் எண் போட்டு வரும் க்ளெய்ம்களை, அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வரிகளைப் படியுங்கள். ஒரு க்ளெய்மில் சொன்ன அம்சம் எல்லாம் உங்கள் மெஷினில் இருந்தால்தான் பொதுவாக மீறல். அமெரிக்காவுக்கே ஏற்றுமதி என்றால் கதை வேறு, அங்கே உரிமை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

கே: சேதராப்பட்டில் சின்ன யூனிட். ஒருவர் தன் காப்புரிமையை விற்கிறேன் என்கிறார். பத்திரத்தில் எழுதிக்கொண்டால் போதுமா?

ப: போதாது. எழுத்தில் இருப்பது கட்டாயம், ஆனால் அதோடு படிவம் 16 போட்டு காப்புரிமைப் பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்றவேண்டும். பதிவாகாத பத்திரத்தைக் கோர்ட்டு பொதுவாகச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. புதுச்சேரிக்கும் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம்தான். மனை வாங்குமுன் வில்லங்கம் பார்ப்போமே, அப்படிப் பதிவேட்டைப் பாருங்கள்: கட்டணம் கட்டியிருக்கிறதா, ஏற்கெனவே யாருக்காவது லைசென்ஸ் (பயன்படுத்தும் அனுமதி) போயிருக்கிறதா, கூட்டு உரிமையாளர் உண்டா. கூட்டாளி சம்மதிக்காமல் இவர் தன் பங்கைக்கூட விற்க முடியாது. அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்தினால் கொடுக்காதீர்கள்.

கே: கடலூர் முதுநகரில் படகுப் பூச்சு தயாரிக்க, காப்புரிமை வைத்திருப்பவர்களிடம் லைசென்ஸ் பேசுகிறோம். மூலப்பொருளையும் அவர்களிடமே வாங்கவேண்டுமாம்.

ப: காப்புரிமை இல்லாத மூலப்பொருளை அப்படிக் கட்டாயப்படுத்தும் நிபந்தனை காப்புரிமைச் சட்டத்தின் 140ஆம் பிரிவின்படி செல்லாது, தைரியமாக நீக்கச் சொல்லுங்கள். ஒரே தடவையாகக் கட்டும் மொத்தத் தொகையைவிட, விற்பனை மேல் ராயல்டிதான் (விற்கிற அளவுக்கு ஏற்பக் கட்டும் பங்கு) சின்னத் தொழிலுக்கு நல்லது என்பது என் கருத்து. ஆனால் 'குறைந்தபட்ச ராயல்டி' என்ற வரி இருந்தால், சரக்கு விற்காத வருஷமும் கட்டவேண்டி வரும்.

கே: இன்ஜினியரிங் மாணவன். காப்புரிமை பெற்ற கருவியை லேபில் செய்து பார்க்கலாமா?

ப: தாராளமாக. ஆராய்ச்சிக்கும் கற்பிப்பதற்கும் 47ஆம் பிரிவு இடம் தருகிறது, விற்பனைக்கு இல்லை. நீங்கள் அதை மேம்படுத்தினால் அந்த மேம்பாட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம், அதற்குமுன் கண்காட்சியில் வைத்துவிடாதீர்கள். அப்புறம், கிடைத்தாலும் அடிப்படைக் கருவியின் உரிமை இன்னொருவரிடம் நடப்பில் இருக்கும்வரை, அவர் லைசென்ஸ் இல்லாமல் உங்களுடையதை விற்க முடியாது.