அணைத்த பிறகும் எரியும் விளக்கு

அன்புள்ள ஐயா,

ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கில் ஆறு சின்ன எல்இடி விளக்குகளை நானே மாட்டினேன். சுவிட்சை அணைத்த பிறகும் இரவில் மங்கலாக எரிகின்றன. கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றலாமா? படுக்கையறைக்கு மஞ்சளா, வெள்ளையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாற்ற வேண்டாம். விளக்கு கோள் சொல்கிறது, அவ்வளவுதான். சுவிட்சுக்குள் குட்டி இண்டிகேட்டர் இருந்தால் இப்படி ஆகும், பயமில்லை. இல்லையென்றால் உங்கள் வீட்டில் சுவிட்ச், கரண்ட் வருகிற பேஸ் வயருக்குப் பதிலாக, அது திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் இருக்கக்கூடும். அணைத்தாலும் 230 வோல்ட் விளக்குவரை வந்து நிற்கும். கசிகிற துளி மின்சாரத்தில் குண்டு பல்ப் கண்ணே திறக்காது. எல்இடிக்கு அதுவே போதும்.

போன வாரம் பரணை ஒழித்தபோது அப்பாவின் டெஸ்டர் கிடைத்தது. அதிலிருந்து இதே நினைப்பு. பதினாறு வயதில் ஹோல்டர் மாற்ற ஸ்டூலில் ஏறினேன், சுவிட்சை அணைத்துவிட்டுத்தான். அடித்த அடியில் நெல் மூட்டைமேல் போய் விழுந்தேன். ஓடி வந்த அப்பா முதலில் கேட்டது, "மெயினை அணைச்சியாடா?" அப்புறம்தான் கையைப் பிடித்துத் தடவினார். எங்கள் வீட்டிலும் சுவிட்ச் நியூட்ரலில்தான் இருந்தது.

நீங்கள் எதை அணைத்துவிட்டு மாட்டினீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெறும் சுவிட்சைத்தானே? அப்படியானால், சுவிட்சும் நியூட்ரலில் இருந்தால், ஆறு தடவை உயிருள்ள வயரைத் தொட்டுப் பிழைத்திருக்கிறீர்கள். கூலியை மிச்சம் பிடிக்கிற லட்சணமா இது?

சரி, மெயினை இறக்கினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டர்? ஹால் விளக்கு பெரும்பாலும் அந்த லைனில்தான் இருக்கும். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அது அதே வயருக்கு 230 வோல்ட் அனுப்பும், பாவம், அதற்கென்ன தெரியும். அதையும் அணைக்க வேண்டும். பெட்டியில் அந்த லைனுக்கான குட்டி சுவிட்சை, அதாவது ஒற்றை எம்சிபியை, மட்டும் இறக்குவதும் ஆகாது. பெட்டியிலேயே வயர் மாறியிருந்தால் அது நியூட்ரலைத்தான் வெட்டும். இரண்டு வயரையும் துண்டிக்கிற மெயினை இறக்குங்கள். பிறகு டெஸ்டர். அதையும் முதலில் கரண்ட் இருக்கிற பிளக்கில் வைத்து, எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படுக்கையறைக்கு 3000 கெல்வின் மஞ்சள் வாங்குங்கள், 6500 வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அதற்கு முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சுவிட்சுக்குப் பேஸ் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை ஸ்டூல் பக்கம் போக வேண்டாம்.